‘பாயின்டிட்லி’: பொருளும் பயன்படுத்தும் முறையும்

மதுரைப் பக்கம் ஒருவர் சுற்றிவளைக்காமல் விஷயத்தைச் சொன்னால், ‘பாயின்ட்டாகப் பேசினார்’ என்று பாராட்டுவோம். அந்தப் பழக்கத்தில், பயிற்சி வகுப்பொன்றில் உரையாற்றியவருக்கு எழுதிய நன்றி மடலில், அவர் ‘பாயின்டிட்லி’ (pointedly) பேசியதாக நான் ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். யாரையோ குத்திக்காட்டிப் பேசினார் என்றே அது பொருள்படும் எனப் பின்னர் அறிந்து மிகவும் வருந்தினேன். ஆகவே, முதலில் ‘பாயின்ட்டாக’ என்பதை மனத்திலிருந்து விலக்கிவிடுங்கள்.

அடுத்து, பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒன்றைச் சொல்வதோ, பார்ப்பதோ, செய்யாமல் விடுவதோ எதிரில் இருப்பவருக்கு உறைக்க வேண்டும் என்பதற்காகவே நிகழுமானால், அதற்குரிய வினையடை இது. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் பேருந்தில், ‘பெண்கள்’ என்று எழுதிய இருக்கையில் ஓர் ஆண் அமர்ந்திருக்க, கைக்குழந்தையோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடத்துநர் வாய் திறக்காமல் அந்த எழுத்தைப் பார்க்கிறார், அமர்ந்திருப்பவரைப் பார்க்கிறார், மறுபடியும் எழுத்தையே பார்க்கிறார். ‘தி கண்டக்டர் லுக்டு பாயின்டிட்லி அட் தி சைன்’ என்பது இந்தப் பார்வைதான். ‘எழுந்திருங்கள்’ என்ற சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அவ்வாறு சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்று இருந்தால் மட்டுமே இச்சொல்லைக் கையாளுங்கள்.

மூன்றாவதாக, இடம். ‘லுக்’ என்ற வினைக்குப் பெரும்பாலும் பின்னால் வரும். ‘இக்னோர்’, ‘ரெஃப்யூஸ்’ ஆகியவற்றுக்கு முன்னால் வரும். கல்யாண வீட்டு வாசலில் எல்லோரையும் ‘வாங்க’ என்று அழைக்கும் அத்தை, பேச்சுவார்த்தை இல்லாத உறவினர் வரும்போது மட்டும் சந்தனக் கிண்ணத்தைச் சரிசெய்யக் குனிந்துகொண்டால், ‘ஷீ பாயின்டிட்லி இக்னோர்டு ஹிம்’ என்று எழுத வேண்டும்.

ஒத்த சொற்களிடமும் கவனம் தேவை. ‘டெலிபரேட்லி’ என்பது வேண்டுமென்றே செய்வது. அதை யாரும் அறியாமலும் செய்யலாம். ‘எம்ஃபாட்டிக்கலி’ என்பது அழுத்தம்திருத்தமாகச் சொல்வது. அதில் குத்தல் இருக்கவேண்டியதில்லை. நம் ஊர்ச் சாடைப் பேச்சு ‘பாயின்டிட்லி’க்கு நெருங்கி வருகிறது என்றாலும், சாடை வேறொருவரிடம் பேசுவதுபோல் பேசப்படும். இதிலோ உரியவரையே நேருக்கு நேர் பார்த்தும் கேட்கலாம்.

‘சுருக்கமாக, விஷயத்தோடு பேசினார்’ என்று பாராட்ட வேண்டுமானால், ‘ஹி ஸ்போக் டு தி பாயின்ட்’ என்று எழுதுங்கள். நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் அதுதான்.