பிரிந்து சேர்ந்த ராக் குழுவின் லைவ் ஆல்பத்தைக் கேட்பது எப்படி?

பல வருடம் பிரிந்திருந்த ஒரு குழு மறுபடி மேடையேறி, அதை ஆல்பமாகவும் போட்டால், பெரும்பாலோர் பிடித்த பாட்டை மட்டும் தேடிப் போட்டு, ரெண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "பழைய மாதிரி இல்லையே" என்று மூடிவிடுகிறார்கள். எந்த இசைக்கும் இது அநியாயம்தான், ஆனால் புரோகிரசிவ் ராக்குக்கு ரொம்பவே அநியாயம், ஏனென்றால் ஒரு பாட்டே இருபது நிமிடம் ஓடும் இசை இது, அதில் ஒவ்வொரு திருப்பத்திலும் வாசிப்பவர் ஏதோ ஒரு முடிவு எடுக்கிறார். அந்தப் பாட்டோடு கால் நூற்றாண்டு வாழ்ந்த கைகள் இன்று அதே இடத்தில் என்ன முடிவு எடுக்கின்றன, அதைக் கேட்கத்தான் இந்த ஆல்பங்கள். அதை எப்படிக் கேட்பது என்று பிரிட்டிஷ் புரோகிரசிவ் ராக் குழுவான யெஸ்ஸின் 'கீஸ் டு அசென்ஷன்' ஆல்பத்தை வைத்தே சொல்கிறேன், வேறு குழு உங்களுக்குப் பிடிக்குமென்றாலும் வழி இதேதான்.

முதல் வேலை, ப்ளே பட்டனைத் தொடுவதற்கு முன்னால், மேடையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 'மீண்டும் இணைந்தார்கள்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் எல்லோரும் வந்திருக்க மாட்டார்கள். 1996 மார்ச் 4, 5, 6 ஆகிய மூன்று இரவுகளில் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஃப்ரீமாண்ட் தியேட்டரில் யெஸ் வாசித்தபோது, பாடகர் ஜான் ஆண்டர்சன், பேஸ் கிதார் வாசிக்கும் கிறிஸ் ஸ்கொயர், டிரம்மர் ஆலன் வைட் மூவரோடு கிதாரிஸ்ட் ஸ்டீவ் ஹவ், கீபோர்டு வாசிக்கும் ரிக் வேக்மன் இருவரும் திரும்பி வந்திருந்தார்கள். முதல் டிரம்மர் பில் புரூஃபோர்ட் இல்லை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் 'சைபீரியன் கட்ரு' பாட்டை 1972 ஸ்டூடியோ பதிவில் வாசித்தது புரூஃபோர்ட், மேடையில் வாசிப்பது வைட். புரூஃபோர்டின் ஸ்னேர் டிரம் அடி சுருக்கென்று ஜாஸ் வாடையோடு விழும், வைட் அடித்தால் கனமாக, நிலத்தில் ஊன்றி விழும். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் "என்னவோ மாறிவிட்டது" என்ற மொட்டையான ஏமாற்றம் வராது, எது மாறியது என்று காது தானே சொல்லும்.

அடுத்து, பதிவு எங்கே, எத்தனை இரவில் எடுத்தது என்று பாருங்கள். ஒரே அரங்கில் சில இரவுகள் எடுத்ததும், ஊர் ஊராக எடுத்து ஒட்டியதும் ஒன்றல்ல. ஜெனிசிஸ் குழுவின் 'லைவ் ஓவர் யூரோப் 2007' இரண்டாவது வகை, ஒவ்வொரு பாட்டும் அந்தச் சுற்றுப்பயணத்தில் ஏதோ ஒரு ஊரில் எடுத்தது. அதில் ஒரே இரவின் ஏற்ற இறக்கத்தைத் தேடாதீர்கள், ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது கருவி. விலை உயர்ந்த ஹெட்ஃபோன் கட்டாயமில்லை, ஆனால் மூன்று அமைப்புகளைச் சரிபார்த்தே ஆக வேண்டும். பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் குழைந்து போகும் க்ராஸ்ஃபேடையும் அணையுங்கள், ஏனென்றால் பாட்டுக்கு நடுவில் வரும் கைதட்டலும் மூச்சும் ஆல்பத்தின் பகுதிதான். சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதை ஆல்பம் முழுவதற்கும் சேர்த்து வேலை செய்யும்படி வையுங்கள், பாட்டுக்குப் பாட்டு வைத்தால் மெல்லிய பாட்டைத் தூக்கி, உரத்த பாட்டை அமுக்கிவிடும், அப்புறம் மேடையில் இருந்த தூரமும் நெருக்கமும் தொலைந்துபோகும்.

முதல் தடவை எதையும் ஒப்பிடாமல் கேளுங்கள். பழைய ரெக்கார்டை அன்று தொடவே வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், காரணம் பழையது நம் மண்டையில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது, அதை இன்னொரு முறை கேட்டுவிட்டு வந்தால் புதியதில் இல்லாதது மட்டும்தான் காதில் விழும். 'கீஸ் டு அசென்ஷன்' இரண்டு சிடி, ஒரே மூச்சில் முடியாவிட்டால் முதல் சிடியோடு நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள், பாட்டின் நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஒப்பிடுவது இரண்டாம் கட்டம், அதையும் ஒரே ஒரு பாட்டில் செய்யுங்கள். 'சைபீரியன் கட்ரு' இதற்கு ரொம்பப் பொருத்தம், 1972 ஸ்டூடியோ பதிவு இருக்கிறது, 1973-இல் வந்த 'யெஸ்சாங்ஸ்' லைவ் ஆல்பத்தில் இருக்கிறது, 1996-இலும் இருக்கிறது. மூன்றிலும் அந்த முதல் கிதார் ஓட்டத்தை மட்டும் எடுத்து, விரலால் தட்டிக்கொண்டே 15 வினாடிக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று வந்துவிடும். 'யெஸ்சாங்ஸ்' காலத்து இளைஞர்கள் பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். 1996-இல் அவ்வளவு அவசரம் இல்லை, பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது, ஸ்டூடியோவில் ஒன்பதுக்கும் குறைவு. வேகம் குறைந்தால் வயதாகிவிட்டது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வேகம் தளர்ந்த இடத்தில் ஸ்கொயரின் பேஸ் கிதாருக்கு இடம் கிடைக்கிறதா, அடுக்குக் குரல்களின் சொற்கள் தெளிவாகின்றனவா என்று கேளுங்கள். கிடைத்தால் அது தளர்ச்சியில்லை, தேர்வு. இந்த ஆல்பத்தில் பெரும்பாலான இடங்களில் அது தேர்வு என்பதுதான் என் கருத்து.

குரலுக்கும் இதே கவனம் வேண்டும். விரலைவிடக் குரலில்தான் வருடங்கள் சீக்கிரம் தெரியும், அதனால் பல குழுக்கள் சுருதியை இறக்கிப் பாடும், 2007-இல் ஜெனிசிஸ் பல பாட்டுகளைப் பாடகர் ஃபில் காலின்ஸின் குரலுக்காக இறக்கித்தான் வாசித்தது. கண்டுபிடிக்க எளிய வழி, பழைய பதிவின் முதல் வரியை முணுமுணுத்துக்கொண்டே புதியதைப் போடுவது, ஒட்டவில்லை என்றால் சுருதி மாறியிருக்கிறது. சுருதி இறங்கினால் கிதாரின் நிறமும் மாறும், பாட்டுக்குக் கொஞ்சம் இருட்டு ஏறும். சில பாட்டுகளுக்கு அது நன்றாகவே இருக்கும்.

'கீஸ் டு அசென்ஷன்' ஆல்பத்தில் நேரம் செலவழிக்க வேண்டிய பாட்டு என்றால் 'அவேக்கன்'. 1977 ஸ்டூடியோ பதிவு பதினைந்தரை நிமிடம், இங்கே பதினெட்டு நிமிடத்துக்கும் மேல். ஸ்டூடியோவில் வேக்மன் வாசித்தது ஸ்விட்சர்லாந்தின் வெவேயில் உள்ள செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் நிஜமான பைப் ஆர்கன், அந்த ஒலியைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பக்கத்து ஊரான மோன்ட்ரோவின் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து பதிவு செய்தார்கள். மேடையில் அந்தத் தேவாலயத்தை எங்கே தேடுவது? கீபோர்டுகளை வைத்துத்தான் அந்த உயரத்தைக் கட்ட வேண்டும். ஆகவே இந்தப் பாட்டைக் கேட்கும்போது முதல் தடவை வேக்மனை மட்டும் பின்தொடருங்கள், ஆரம்பப் பியானோ ஓட்டத்திலிருந்து, நடுவில் எல்லாம் அடங்கிப்போய் மணிகளும் மெல்லிய ஒலிகளும் மட்டும் மிஞ்சும் பகுதி வழியாக, கடைசி எழுச்சி வரை. அடுத்த தடவை ஸ்கொயரை மட்டும். இந்தப் பாட்டுக்கென்றே அவர் மேடையில் மூன்று கழுத்து உள்ள பேஸை மாட்டிக்கொள்வார். நடுப்பகுதியில் பொறுமை இழந்து ஓட்டிவிடாதீர்கள், கடைசி நான்கு நிமிடத்தின் பலமே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

லைவ் ஆல்பம் என்றால் எல்லாமே அன்றிரவு வாசித்ததுதான் என்று நம்ப வேண்டியதில்லை. பிசிறடித்த குரலையும் தவறிய நோட்டையும் பிற்பாடு ஸ்டூடியோவில் திருத்துவது இந்தத் துறையில் பழைய வழக்கம். சந்தேகம் வந்தால் பார்வையாளர் சத்தத்தைக் கவனியுங்கள். மெல்லிய பகுதியிலும் அரங்கின் இருமலும் முனகலும் அடியில் ஓடினால் நல்லது, மொத்தமாக அறுந்துபோய்த் திடீரென்று கைதட்டலோடு திரும்பி வந்தால் அங்கே ஏதோ வேலை நடந்திருக்கலாம். திருத்தம் இருப்பதால் ஆல்பம் பொய்யாகிவிடாது, ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்பது நல்லது.

அந்த மெருகு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் வேன் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் 'ரியல் டைம்' ஆல்பத்துக்குப் போங்கள். 2005 மே 6 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஒரே இரவில் எடுத்து 2007-இல் வெளியிட்டது. அந்த நான்கு பேர் குழுவாகச் சேர்ந்து வாசித்து ஏறக்குறைய முப்பது வருடம் ஆகியிருந்தது. பாடகர் பீட்டர் ஹாமில் 2003-இல் மாரடைப்பு வந்து பிழைத்தவர், அந்த மனிதர் மேடையில் குரலைச் சேமித்து வைக்கவே இல்லை. பேஸ் கிதாரிஸ்ட் கிடையாது, ஹியூ பான்டன் ஆர்கனின் கால்கட்டைகளை மிதித்தே பேஸை வாசிக்கிறார், ஆகவே ஸ்பீக்கரில் கேளுங்கள், சின்ன இயர்ஃபோனில் அந்த அடித்தளம் காணாமல் போய்விடும்.

மறுபடி யெஸ்ஸுக்கு. 'கீஸ் டு அசென்ஷன்' கடைசியில் இரண்டு புதிய ஸ்டூடியோ பாட்டுகள் இருக்கின்றன, ஒன்று பத்து நிமிடம், இன்னொன்று பத்தொன்பது. லைவ் பகுதி முடிந்த கையோடு அவற்றைக் கேட்காதீர்கள், ஒலியே வேறு, ரெண்டும் அடிபட்டுப்போகும். வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது 2001-இல் இந்த ஆல்பத்தின் ஸ்டூடியோ பாட்டுகளையும் இதன் இரண்டாம் பாகத்தின் ஸ்டூடியோ பாட்டுகளையும் சேர்த்து 'கீஸ்டூடியோ' என்று தனியாக வந்ததே, அதில் கேளுங்கள். அதே மூன்று இரவுகளின் மீதிப் பாட்டுகள் 1997 நவம்பரில் இரண்டாம் பாகமாக வந்தன, 'குளோஸ் டு தி எட்ஜ்' பாட்டு முழுசாக அதில்தான் இருக்கிறது. இரண்டு பாகங்களின் லைவ் பாட்டுகளை மட்டும் எடுத்து ஒரே பட்டியலாகப் போட்டுக்கொண்டால் கச்சேரி ஒன்றாகக் கிடைக்கும், அந்தப் பட்டியலில் 'அவேக்கன்' முடிந்ததும் அடுத்ததாக எந்த நீளப் பாட்டையும் வைக்காமல் 'ரவுண்டபவுட்' மாதிரி துள்ளலான ஒன்றை வையுங்கள்.