படம் முடிந்ததும் 'நீதி என்ன?' என்று கேட்காதீர்கள்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பிள்ளைகளை உட்காரவைத்துக் குட்டி அனிமேஷன் படங்கள் போட்டுக் காட்டுவேன். முதலில் போட்டது பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனத்தின் 'ஃபார் த பேர்ட்ஸ்'. 2000இல் வந்தது, மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல், வசனமே கிடையாது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பறவைகள், சேர்ந்துகொள்ள வரும் ஒரு பெரிய பறவையைப் பார்த்துச் சிரிக்கின்றன. அது வந்து உட்கார்ந்ததும் கம்பி தொய்ந்துபோகிறது. கால் விரல்களைக் கொத்தி அதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அது பிடியை விட்டதும் கம்பி விசையோடு எகிற, கொத்தியவர்களே சிறகெல்லாம் உதிர்ந்து விழுகிறார்கள்.

கேலி செய்வது தப்பு என்று பார்த்தவுடனே புரிந்துவிடும் என நம்பினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் கீழே விளையாடும்போது, கொஞ்சம் பருமனான ஒரு பையனுக்குப் 'பெரிய பறவை' என்று பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. அவன் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டான்.

படம் தானாகவே பாடம் நடத்திவிடும் என்று நினைத்தது என் முதல் தவறு. பெரியவர்கள் பலரும் இதைச் செய்கிறோம். 2008இல் மேரஸ், அகோஸ்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள், மூன்று கால் நாய் ஒன்று வரும் கார்ட்டூனை அமெரிக்காவில் மழலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். வேறுபட்டு இருப்பவர்களை ஒதுக்கக் கூடாது என்பதுதான் அதில் சொல்ல வந்த விஷயம். பிள்ளைகள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டதோ, மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டும். நாயிலிருந்து பக்கத்து பெஞ்சுப் பையனுக்குத் தாவ அந்த வயதுக்கு ஒரு கை பிடிப்பு வேண்டும். இன்னொன்றும் உண்டு: இப்படிப்பட்ட படங்களில் முக்கால்வாசி நேரம் ஓடுவது கேலியும் சண்டையும்தான். திருந்துவது கடைசிச் சில நொடிகளில். பிள்ளைகளுக்கு எது மனதில் பதியும்?

அதனால் போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். 'டேனியல் டைகர்ஸ் நெய்பர்ஹூட்' என்ற குழந்தைகள் தொடரை வைத்து 2016இல் வந்த ஆய்வும் இதையே சொன்னது. பார்த்ததைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி பேசும் வீடுகளில்தான், மற்றவர் மனதைப் புரிந்துகொள்வதில் பிள்ளைகளுக்குப் பலன் தெரிந்தது.

சரி, பேசுவது எப்படி? பாடப்புத்தகப் பழக்கத்தில் நமக்கு உடனே வாயில் வருவது "இந்தக் கதையோட நீதி என்ன?" என்பதுதான். ஒரு பிள்ளை "யாரையும் கேலி பண்ணக் கூடாது" என்று ஒப்பிக்கும். மற்றவர்கள் கோரஸாகப் பின்பாட்டுப் பாடுவார்கள். அதோடு பேச்சு செத்துவிடும். இப்போது நான் நடுவில் ஓரிடத்தில் நிறுத்துகிறேன்: பெரிய பறவை தள்ளி நின்று சிரித்தபடி கையசைக்கும் இடம். "இப்ப இதுக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டம். பத்து நொடி ஆனாலும் நாம் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்துவதும் வேண்டாம், படம் பார்க்கும் ஆசையே போய்விடும்.

"சோகம்", "ஹேப்பி" என்ற இரண்டோடு பிள்ளைகளை நிறுத்திவிடுவது நான் அதிகம் வருந்தும் தவறு. நம் மொழியில் ஏக்கம், தவிப்பு, கூச்சம், பொருமல் என்று எத்தனை இருக்கின்றன! தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று இளிவரல், சிறுமைப்படும்போது வரும் உணர்வு. பழைய சொல்லை அப்படியே சொல்லித்தர வேண்டியதில்லை. "அசிங்கமா போயிடுச்சுன்னு தோணுமா?" என்று கேட்டாலே பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

2016இல் வந்த 'பைப்பர்' படத்தில் அலைக்குப் பயந்த குஞ்சுப் பறவை ஒன்று வரும். அதைக் காட்டிவிட்டு "பார்த்தியா, பயப்படவே கூடாது" என்று சொன்னால் படத்தையே தலைகீழாக்குகிறோம். யாரும் அந்தக் குஞ்சுக்கு அறிவுரை சொல்வதில்லை. மணலில் புதைந்துகொள்ளும் ஒரு சின்ன நண்டைப் பார்த்து அது தானே வழி கண்டுபிடிக்கிறது. பயத்துக்கும் அங்கே இடம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. படம் ஓடும்போதே ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "நீயும் தம்பிகிட்ட இப்படித்தானே பண்றே?" என்று கேட்பது. அந்த நொடியில் அந்தப் பிள்ளை குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பறவையைப் பற்றிப் பேசுகிற வரை பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தன்னைப் பற்றி அது தானாகச் சொல்லும்வரை காத்திருங்கள்.

போடும் முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் பாருங்கள். வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால் சில படங்கள் வேண்டாம். ஒரே மாலையில் நாலைந்து போடுவதைவிட ஒன்றையே இரண்டு தடவை போடுங்கள்.

நான் 'ஃபார் த பேர்ட்ஸ்' படத்தை மறுபடி போட்டது மூன்று வாரம் கழித்து, அந்தப் பையனிடம் தனியாகக் கேட்டு, அவன் சரி என்ற பிறகு. கையசைக்கும் இடத்தில் நிறுத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. பட்டப்பெயரை முதலில் வைத்த சிறுமி ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது சேர்ந்துக்கத்தானே வந்துச்சு" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் படத்தை ஓடவிட்டேன்.