புள்ளி சொல்லாத கோலமும் ஊர் சொன்ன தேவாங்கும்: கைவேலை, கண்டெடுத்தது, சுற்றிப் பார்த்தது பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலத்தைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், பார்க்க அத்தனை அழகு, கீழே ஒரே ஒரு வரி: "இன்று எங்கள் வாசலில்". எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எதில் ஆரம்பித்து எதில் முடிகிறது, ஒன்றும் கிடையாது. வார இதழ்களில் மார்கழிக் கோலம் வந்த காலத்தில் படம் என்னவோ சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் அடியில் "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை" என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்கும், அந்த வரி போதும், மறுநாள் விடிகாலையில் யார் வேண்டுமானாலும் தன் வாசலில் போட்டுவிடலாம். இப்போது மாடியிலிருந்து எடுத்த படமே வருகிறது, அந்த வரியைத்தான் காணோம்.

நான் பார்த்தவரை இந்த மாதிரிப் பகிர்வுகளில் நடக்கும் தவறுகள் இரண்டே வகை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது, சொல்லக் கூடாததை விலாவாரியாகச் சொல்வது. கைவேலை என்றால் பெரும்பாலும் முதல் வகை, வெளியே போய்க் கண்டதும் எடுத்ததும் என்றால் இரண்டாம் வகை. வேடிக்கை என்னவென்றால் ஒரே ஆள் இரண்டையும் செய்வார்: தான் பின்னிய கூடைக்கு எத்தனை ரோல் வயர் ஆனது என்பது ராணுவ ரகசியம், காட்டில் பார்த்த பறவைக் கூட்டுக்கு மட்டும் கூகுள் மேப் லிங்க்.

வயர் கூடையையே எடுத்துக்கொள்வோம். படத்தைப் போட்டதும் வரும் முதல் கேள்வி "சூப்பர் அக்கா, எத்தனை ரோல்?" என்பதுதான். அது ஒரு ரோல் கூடையா, ஒன்றரையா, இரண்டா என்று முதலிலேயே எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்து என்ன முடிச்சு: சாதாவா, சிவன் கண்ணா, நெல்லிக்காயா, பிஸ்கட்டா. ஒவ்வொன்றும் வயரைத் தின்னும் அளவு வேறு, அதனால் முடிச்சைச் சொல்லாமல் ரோலை மட்டும் சொல்வதும் பாதிப் பதில்தான். வயரை எத்தனை அடிக்கு வெட்டினீர்கள், மொத்தம் எத்தனை துண்டு, அடிப்பாகத்தில் நீளவாக்கில் எத்தனை முடிச்சு, ரன்னிங் வயரை, அதாவது கூடையைச் சுற்றி ஓடும் நீள வயரை, எவ்வளவு விட்டீர்கள். இது தெரியாமல் படத்தைப் பார்த்துப் பின்ன ஆரம்பிப்பவர், மேலே நாலு வரிசை பாக்கி இருக்கும்போது வயர் தீர்ந்துபோய், அதே நிறத்தைத் தேடிக் கடை கடையாக அலைவார், அந்த நிறம் அதற்குள் தீர்ந்திருக்கும் (இது மட்டும் எப்போதும் நடக்கும்). கைப்பிடியையும் அடியையும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கூடையில் கஷ்டமான இடங்கள் அவை, எல்லோரும் முன்பக்கத்தை மட்டும் எடுக்கிறார்கள்.

டெரகோட்டா என்கிற சுட்ட மண் நகையிலும் இதே கதைதான். வண்ணம் அடித்து முடித்த ஜிமிக்கியைப் பத்துக் கோணத்தில் காட்டுபவர், அதை நிழலில் உலர்த்தினாரா வெயிலில் வைத்தாரா என்று சொல்வதில்லை. வெயிலில் வைத்தால் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே இன்னும் ஈரம் இருக்கும், அதனால் விரிசல் விடும். அந்த ஈரத்தோடு நெருப்பில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் படாரென்று வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் துண்டுகளையும் சேர்த்துக் கெடுக்கும். புதிதாகப் பழகுபவருக்கு வேண்டியது இந்தத் தகவல்தான். நகையை வாங்க நினைப்பவருக்கு வேண்டியது எடை, ஒரு காதுக்கு எத்தனை கிராம். பெரிய ஜிமிக்கியைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் கழற்றிக் கைப்பையில் போட்டவர்கள் நிறைய. "தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று எழுதுகிறார்களே, அதையும் பார்த்து எழுதுங்கள். நன்றாகச் சுட்ட மண் கரையாது, சரி, மேலே அடித்த வண்ணத்துக்கும் அதே உத்தரவாதம் உண்டா?

படம் எடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டியூப்லைட்டில் எடுக்காதீர்கள், அரக்கு நிறம் காப்பிக்கொட்டை நிறமாகத் தெரியும். காலையில் நேர்வெயில் படாத ஜன்னல் ஓரம் போதும். ஃபிளாஷ் அடித்தால் ஜரிகையும் சில்க் த்ரெட்டும் வெள்ளையாக வெளுத்துவிடும். பூப்போட்ட பெட்ஷீட்டின் மேல் பூப்போட்ட வளையலை வைத்தால் எது வளையல் என்று தேட வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து ஒரு படமாவது எடுங்கள், அளவு தெரியட்டும்.

யார் செய்தது என்பதில் கொஞ்சம் கறாராகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொலு நெருங்கும்போது மதுரைப் பக்கம் விளாச்சேரியில் வண்ணம் பூசாத மண் பொம்மைகளை வாங்கிவந்து வீட்டில் வண்ணம் தீட்டுவது நல்ல பொழுதுபோக்கு, அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் "நானே செய்தேன்" என்று போட்டால், அச்சில் மண்ணை அழுத்தி எடுத்துக் காயவைத்துச் சூளையில் சுட்ட ஆள் காணாமல் போகிறார். "பொம்மை விளாச்சேரி, வண்ணம் நான்" என்று எழுத இரண்டு நொடிகூட ஆகாது, உங்கள் பெருமையும் குறையாது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் தையலைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கோடு வரைந்துகொண்டு தைப்பதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணித் தைப்பது. அதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வடிவத்தைப் பார்த்துப் பழகி நீங்கள் ஒரு தலையணை உறை தைத்தால் "தோடர் தையலைப் பார்த்துப் பழகியது" என்று எழுதுங்கள். "தோடா எம்பிராய்டரி விற்பனைக்கு" என்று எழுதினால் கதையே வேறு, புவிசார் குறியீடு என்பது அந்தப் பெயரை அந்த ஊர்க்காரர்களுக்குப் பத்திரப்படுத்தத்தான். பத்தமடைப் பாய், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

விலை. "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்பதை நிறுத்தினாலே போதும். கேட்கக் கூச்சப்படுபவர்கள் வரமாட்டார்கள், வருபவர்கள் பேரம் பேசத்தான் வருவார்கள்.

சரி, வீட்டைவிட்டு வெளியே வருவோம். இங்கே தவறு செய்தால் சட்டம் வரைக்கும் போகும்.

ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய்வந்தவர்கள் கடற்கரையில் பொறுக்கியதைப் பரப்பிவைத்துப் படம் எடுப்பது வழக்கம். சாதாரணக் கிளிஞ்சல்களோடு வெள்ளையாக, துளைதுளையாக ஒரு கல் மாதிரி இருக்கும், அதுதான் பவளப்பாறைத் துண்டு. பவளத்தையும் கடல் குதிரையையும் சில வகைச் சங்குகளையும் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், அதாவது புலி இருக்கும் அதே அட்டவணை. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்ததற்குப் பெரிய காரணமே இந்தப் பவளப்பாறைகள்தான். செத்து ஒதுங்கிய துண்டுதானே என்று பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து மீன் தொட்டியில் வைத்து, ஊர்ப் பெயர் தேதியோடு படமும் போடுவது, நமக்கு எதிரான சாட்சியை நாமே எழுதிக் கொடுப்பது. கரையிலேயே படம் எடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். கடையில் விற்கிறார்களே என்று கேட்பீர்கள், விற்பதாலேயே அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

பழங்காலப் பானை ஓடு கண்டெடுக்கும் விஷயம் இன்னும் நுணுக்கம். 2015-இல் கீழடியில் அகழாய்வு தொடங்கி அங்கே கிடைத்தவை பேச்சாக ஆனதிலிருந்து, வயல் வரப்பில், கண்மாய்க் கரையில் கறுப்பு சிவப்பு ஓடு கிடைத்தால் அடையாளம் காண்கிற கண் நிறையப் பேருக்கு வந்துவிட்டது, அது நல்ல விஷயம். நொய்யல் கரைக் கொடுமணல் மாதிரி பழங்காலத்தில் மணி செய்த ஊர்களில் மழைக்குப் பிறகு உழுத நிலத்தில் கல்மணிகூட மேலே வரும். தவறு எங்கே என்றால், எடுத்துக் கழுவித் துடைத்து, வெள்ளைத் தாளில் வரிசையாக அடுக்கிய பிறகு படம் எடுப்பது. அந்த ஓடு எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு வேண்டிய சேதி, எடுத்த நிமிடமே அது போய்விடுகிறது. கிடந்தபடியே பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் துறைக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னமும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. 10 ரூபாய் என்றால் இன்று ஒரு டீயைத் தாண்டாது, அதனால் அநேகமாக எல்லாமே அதில் அடங்கும். அப்புறம், ஊரையும் சர்வே எண்ணையும் பொதுவில் போடாதீர்கள். ஆய்வாளர் வருவதற்கு முன்னால் மண்வெட்டியோடு வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

தேவாங்கு, ஆந்தை, நட்சத்திர ஆமை, எதைப் பார்த்தாலும் இதே எச்சரிக்கைதான், அங்கே சேதம் இன்னும் சீக்கிரம் நடக்கும். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் 2022-இல் தேவாங்குக்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. மூட நம்பிக்கைக்காகவும் மருந்து என்ற பேரிலும் பிடிக்கப்படும் பிராணி அது. அதன் முகத்தில் வெள்ளை டார்ச்சை அடித்து, கண் கூசி விழிப்பதை "எவ்வளவு க்யூட்" என்று எடுத்துத் தோட்டத்தின் பெயரோடு போட்டால், ரசிக்கிறவர்களோடு பிடிக்கிறவர்களும் படிப்பார்கள். மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால் அதுவும் வேண்டாம். செல்போன் கேமராவில் லொக்கேஷன் ஆன் ஆகியிருந்தால் படத்துக்குள்ளேயே இடம் பதிவாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும், தரம் குறையாமல் இருக்கட்டும் என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். தெரியாமல் நடப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். குழந்தைகள் பள்ளிச் சீருடையில் இருக்கும் படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். குடும்பத்தோடு போன பயணப் படங்களை ஊர் திரும்பிய பிறகு போட்டால் ஒரு லைக்கும் குறையாது, பூட்டிய வீட்டுக்கு விளம்பரமும் ஆகாது.

கடைசியாக மலை நடை. இங்கே மட்டும் நிலைமை தலைகீழ், விவரம் எவ்வளவு எழுதினாலும் தகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் "ஈஸியான ட்ரெக், சும்மா போய்வரலாம்" என்று படம் போடுவதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. யாருக்கு ஈஸி, எந்த மாதத்தில், அனுமதி வாங்கினீர்களா, வழிகாட்டி கூட வந்தாரா? தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு தொடங்கியது, காட்டுத்தீ அபாயம் இருக்கும் கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். நீங்கள் போனது அதில் ஒரு பாதை என்றால் அதைச் சொல்லுங்கள். வேலி தாண்டிப் போன இடம் என்றால் அந்தப் படத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏற எத்தனை மணி நேரம் ஆனது, இறங்க எத்தனை, வழியில் தண்ணீர் உண்டா, சிக்னல் எந்த இடத்தில் போகிறது, எல்லாம் எழுதுங்கள். அட்டை கடிக்குமா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், புலி இருக்கும் காட்டுக்குப் போய்வந்தவர்கள்கூடத் திரும்பி வந்து திட்டுவது அதைத்தான்.