தபால்தலைத் தொகுதியைக் குலையாமல் உறையில் ஒட்டுவது எப்படி?

ஸ்டிக்கர் போல ஒட்டும் தபால்தலையை ஒன்றொன்றாக ஒட்டுவதில் வித்தை ஏதும் இல்லை. நான்கையோ ஆறையோ பிரியாமல் ஒரே தொகுதியாக உறையில் இறக்கும்போதுதான் கை தடுமாறும். பெரும்பாலோர் தலைகளைப் பின்தாளிலிருந்து உரிக்கிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: தலைகள் மேசைமேல் அசையாமல் கிடக்க, பின்தாளைத்தான் உரித்தெடுக்க வேண்டும்.

இந்தத் தாளில் மூன்று அடுக்கு உண்டு. மேலே அச்சிட்ட காகிதம், நடுவில் அழுத்தினால் பற்றும் பசை, அடியில் சிலிகான் பூசிய பின்தாள். தலைகளை வடிவாக வெட்டும் அச்சு பெரும்பாலும் மேல் இரண்டு அடுக்கை மட்டும் வெட்டுகிறது. ஓரத்தில் பல்பல்லாகத் தெரிவது, பழைய தபால்தலைகளைக் கிழித்தெடுக்க இருந்த துளைகளின் சாயல்தான். சில வெளியீடுகளில் தலைகளுக்கு இடையே மயிரிழை இணைப்பு இருக்கும். மற்றவற்றில் அதுவும் இல்லை. ஆக, தொகுதியைத் தொகுதியாக வைத்திருப்பதே பின்தாள்தான். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினால் தலைகள் தனித்தனியாக வருவதோடு சுருளவும் செய்யும். திருட்டு மறுபயன்பாட்டைத் தடுக்கச் சில தலைகளில் நடுவே கீறல்களும் போட்டிருப்பார்கள். பிரிட்டனின் அன்றாடத் தலைகளில் 2009 முதல் இது உண்டு. அவற்றை வளைத்து உரித்தால் கீறலிலேயே கிழியும்.

முதலில் கடிதத்தையும் உறையையும் சேர்த்து எடை போட்டு, எத்தனை தலை என்று முடிவு செய்யுங்கள். எடை வரம்பை ஒட்டி நின்றால் தலைகளையும் தட்டில் வைத்தே பாருங்கள். பிறகு கடிதத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். வெற்று உறையில்தான் ஒட்டுவது. உள்ளே மடித்த தாளின் மேடு பள்ளம் இருந்தால் தலையில் சுருக்கம் விழும்.

இடத்தை அடுத்துக் கணக்கிடுங்கள். 220 × 110 மி.மீ. நீள உறையும் 20 × 24 மி.மீ. தலைகளும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு தலைகளை மூன்று வரிசையாக அடுக்கினால் உயரம் 72 மி.மீ.; மேல் ஓரத்தில் 10 மி.மீ. விட்டால் கீழே 28 மி.மீ.தான் மிச்சம். முகவரிக்கும், அஞ்சல் பிரிக்கும் இயந்திரம் கோட்டுக்குறி (பார்கோடு) அச்சிடும் அடிப்பகுதிக்கும் அது போதாது. அகலத்தில் மூன்று, உயரத்தில் இரண்டு என்றால் 60 × 48 மி.மீ.யில் அடங்கிவிடும். இன்னும் தலைகள் வேண்டுமென்றால் இடப்பக்கமாக நீட்டுங்கள், கீழே இறங்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவது கூடவே கூடாது.

தாளிலிருந்து தொகுதியைப் பிரிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வளைந்த பற்களின் நடுவே நேர்க்கத்தரி விட்டால் பற்கள் நறுங்கிப்போகும். அதற்குப் பதில், தொகுதியைச் சுற்றியுள்ள தலைகளை மற்றக் கடிதங்களுக்கு முதலில் பயன்படுத்திவிடுங்கள். சுற்றிலும் வெற்றுப் பின்தாள் மிஞ்சும், அதில் கத்தரிக்கலாம். மூன்று பக்கம் 3 மி.மீ. விட்டால் போதும். மேல்பக்கத்தில் மட்டும் ஒரு தலை அளவு நீளமாக விடுங்கள். பின்னால் பிடித்து இழுக்க அதுதான் வால்.

உறையின் மேல் ஓரத்திலிருந்தும் வல ஓரத்திலிருந்தும் 10 மி.மீ. அளந்து, 2பி பென்சிலால் மெல்லிய குறிகள் போடுங்கள். குறி தொகுதிக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே விழுந்தால் அழிக்க முடியாது.

இப்போது தொகுதியைச் சுத்தமான மேசையில் முகம் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். வாலைப் பிடித்து, பின்தாளை அதன்மேலேயே முழுதாக மடக்கி, மேல் வரிசையில் 8 மி.மீ. மட்டும் பசை தெரியும்வரை உரியுங்கள். அகலம் முழுவதும் ஒரே சீராக வரட்டும். மடிப்பை நகத்தால் நீவிவிட்டு, தொகுதியைப் பக்கவாட்டில் பிடித்துத் திருப்புங்கள். பசையில் விரல் படக்கூடாது. தோலின் எண்ணெய் பட்ட இடம் பிறகு கிளம்பும்.

வல மேல் மூலையைக் குறியில் தொட்டு, இடப்பக்கமாக மேல் ஓரத்தை மெதுவாகப் படிய விடுங்கள். அழுத்தாதீர்கள். கோணல் தெரிந்தால் முதல் சில நொடிகளுக்குள் தட்டை முனை இடுக்கியால் தூக்கி மறுபடி வைக்கலாம். நேராக இருந்தால் மட்டும் அந்த 8 மி.மீ. பட்டையை அழுத்தி நிலைநிறுத்துங்கள். அதன்பின் கீழ்ப்பகுதியைச் சற்றே உயர்த்தி, வாலைப் பிடித்து, உறைக்கு இணையாகக் கீழ்நோக்கி இழுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். இழுத்த கையோடு மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் உருவினால் காற்றுக் குமிழியும், தலைகளுக்கு நடுவே இடைவெளியும் உறுதி.

முடிந்ததும் மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்து, கரண்டியின் முதுகால் பத்துப் பதினைந்து நொடி தேயுங்கள். ஈரத்தால் அல்ல, அழுத்தத்தால் பற்றும் பசை இது. முழுப் பிடிப்பு வர ஒரு நாள்கூட ஆகலாம். குளிரில் பசை விறைத்து ஓரங்கள் எழும்பும். வழவழப்பான உறையிலும் கையால் செய்த சொரசொரப்பான காகித உறையிலும் அதே கதைதான். அங்கே ஓரங்களை இன்னொரு முறை தேய்த்துவிடுங்கள். பிடிக்கவில்லையே என்று மேலே டேப் ஒட்டாதீர்கள். டேப்பின்மேல் விழும் முத்திரை மையைத் துடைத்துவிடலாம் என்பதால் பல நாட்டு அஞ்சல் துறைகள் அப்படிப்பட்ட தலையை ஏற்பதில்லை. நன்றாகப் பற்றிவிட்ட தலை கோணலாக இருந்தால் விட்டுவிடுங்கள். உரித்தால் உறையின் நாரும் சேர்ந்து வரும். கோணல் தலையும் கடிதத்தைக் கொண்டுசேர்க்கும்.

தபால்தலை சேகரிப்பவருக்கு நான்கு தலைத் தொகுதி ஒட்டி அனுப்பும் உறையென்றால், நான்கும் சந்திக்கும் நடுப்புள்ளியில் கைமுத்திரை விழும்படி அஞ்சலகத்தில் கேளுங்கள். ஒரே வட்டம் நான்கையும் தொடும். பூச்சுள்ள காகிதத்தில் மை சட்டென்று உறிஞ்சப்படாது, ஆகவே சில நிமிடம் தொடாமல் காய விடுங்கள்.

மிச்சத் தாள்களைக் கனம் ஏற்றாமல் தட்டையாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சூட்டில் பசை இளகி வெட்டுகளின் வழியே கசியும். அந்தக் கசிவில் தூசியும் படியும்.