லண்டனுக்குப் படிக்கப் போக வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட லயத்திலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போன முதல் ஆள் என் தம்பி. விசாக் கணக்கெல்லாம் என் தலையில்தான்.

கட்ட வேண்டிய முதலாண்டுக் கட்டணத்தோடு 9 மாதச் செலவையும் காட்ட வேண்டும். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே என்றால் 1,171. லண்டன் என்றால் செலவுக்கு மட்டும் 13,761 பவுண்டு.

அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அந்த 28ஆவது நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். எங்களுக்கு 19ஆம் நாள் அப்பாவின் மோட்டார் தவணை தானாகக் கழிந்து 60 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தது. திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினோம்! தவணை போகும் கணக்கில் இந்தப் பணத்தை வைக்காதீர்கள்.

மாமா கணக்கைக் காட்ட முடியாது. மாணவர் பெயரில் இருக்கலாம், அம்மா அப்பா பெயரில் இருக்கலாம். பெற்றோர் கணக்கென்றால் சம்மதக் கடிதமும் பிறப்புப் பத்திரமும் வேண்டும். நம் பத்திரம் மலாயில் இருப்பதால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள். மாமா உதவினால் பணம் அப்பா கணக்குக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணிக்கை. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பும் செல்லாது. அப்பாவுக்கு 55 தாண்டியிருந்ததால் எடுத்து வங்கியில் போட்டோம்.

மலேசியக் கடப்பிதழ்காரர் இங்கிருந்து விண்ணப்பித்தால் பெரும்பாலும் இந்தத் தாள்களை முன்கூட்டிக் கேட்பதில்லை. கேட்டால் உடனே நீட்ட வேண்டும், அதனால் கோப்பில் தயாராக வைத்திருங்கள்.