இசைக்கு மடிக்கணினி: மேக்கா, விண்டோஸா?

மென்பொருளை முதலில் முடிவு செய்யுங்கள். கணினியை அதற்குப் பின் பார்க்கலாம். மடிக்கணினிகளைப் பொறுத்தவரை, இசைப்பதிவு மென்பொருளான லாஜிக் புரோவும் மேடைக்கான மெயின்ஸ்டேஜும் மேக்கில் மட்டுமே இயங்கும். ஏபிள்டன் லைவ், கியூபேஸ், எஃப்எல் ஸ்டுடியோ ஆகியவை இரண்டிலும் இயங்கும்.

மேடையில் வாசிப்பவருக்கு உண்மையான சோதனை ஒலித் தாமதம்தான், அதாவது வாசித்ததற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான நேரம். 48,000 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி மாதிரிகள்) பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவை, 128 சாம்பிளாக வைத்தால், அந்த ஒரு கட்டத்திலேயே ஏறத்தாழ 2.7 மில்லிவினாடி கழிந்துவிடும். மேக்கில் ஒலியைக் கையாளும் கோர் ஆடியோ என்ற அமைப்பு இயங்குதளத்துடனேயே வருகிறது. விண்டோஸில் பெரும்பாலும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கருவிகளையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) தயாரிப்பாளர் தரும் ஏசியோ (ASIO) டிரைவரை, அதாவது தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருளை, நம்பியே வாசிக்க வேண்டியிருப்பதால், அதன் தரத்தை விசாரிக்காமல் விண்டோஸ் மடிக்கணினி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கியதும், கச்சேரிக்குரிய கோப்பையே திறந்து, வைஃபையை அணைத்துவிட்டு, சார்ஜர் செருகியும் கழற்றியும் நெடுநேரம் வாசித்துப் பாருங்கள். இடையில் வெடிப்பொலி கேட்டால் பஃபரை 256 ஆக்குங்கள்.