பழனிச்சாமி யாருக்கு மாமா, யாருக்கு அப்புச்சி?

கோபிப் பக்கத்து மஞ்சள் விவசாயக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையை ஸ்க்ரிவனர் என்ற எழுத்து மென்பொருளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயருள்ள பாத்திரங்கள் மட்டும் 41. ஏழு அத்தியாயம் வரை ஒரு நோட்டை வைத்துச் சமாளித்துவிட்டேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது பாதியில் நிறுத்தினார். "ஏங்கண்ணு, அந்தக் காலத்துல மருமவ எங்காச்சும் மாமனார் பேரச் சொல்லுவாளா?" அன்றைக்கே பாத்திரப் பக்கங்களை ஒழுங்காகப் போட உட்கார்ந்தேன்.

நாவல் டெம்ப்ளேட்டில் தொடங்கினால் இடப்பக்கப் பைண்டரில் (கோப்புப் பட்டியலில்) 'கேரக்டர்ஸ்' கோப்புறை தயாராக இருக்கும். கீழே 'டெம்ப்ளேட் ஷீட்ஸ்' உள்ளே 'கேரக்டர் ஸ்கெட்ச்' என்ற மாதிரிப் பக்கம். தொழில், தோற்றம், குணம், பழக்கம், பின்னணி என்று தலைப்புகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நம் கதைக்கு முதலில் வேண்டியது அங்கே இல்லை: இவரை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள். அந்தத் தலைப்பை மாதிரிப் பக்கத்திலேயே மேலே சேர்த்துவிடுங்கள். ஆட்களை உருவாக்கும் முன்பே செய்யுங்கள். ஏற்கெனவே போட்ட பக்கங்களில் அது தானாக வராது.

என் பக்கம் ஒன்று இப்படி இருக்கிறது. மேட்டுத்தோட்டத்துப் பழனிச்சாமி. மகன் பிள்ளைகளுக்கு அப்பாரு, மகள் பிள்ளைகளுக்கு அப்புச்சி. மருமகளுக்கு மாமா, அவளை இவர் 'அம்மணி' என்பார். ஊருக்கு மேட்டுத்தோட்டத்தார். தோட்டத்து வேலைக்கு வரும் மாரனுக்குப் 'பண்ணாடி', அதாவது முதலாளி. தன்னைவிட மூத்த அந்த மாரனை இவர் 'வாடா' என்கிறார். இந்தக் கடைசி வரியை எழுதியபோதுதான் நாவல் எதைப் பற்றியது என்று எனக்கே தெளிந்தது. மாரனின் பேரன் 'பண்ணாடி' என்று சொல்ல மறுப்பது 19ஆம் அத்தியாயத்தில். அழைப்பு மாறினால், எங்கே மாறுகிறது என்றும் அதே இடத்தில் குறித்துவையுங்கள்.

வயதை எழுதாதீர்கள், பிறந்த ஆண்டை எழுதுங்கள். பழனிச்சாமி பிறந்தது 1943. பவானிசாகர் அணை வேலையில் கல் சுமந்தவர் என்று எழுதியிருந்தேன். வேலை தொடங்கிய 1948இல் அவருக்கு ஐந்து வயது, அணை முடிந்த 1955இல் பன்னிரண்டு! கல் சுமந்ததை அவருடைய அய்யனுக்கு (அப்பாவுக்கு) மாற்றினேன்.

ஒருவர் எந்தெந்தக் காட்சியில் வருகிறார் என்று பெயரை வைத்துத் தேடினால் பாதிதான் கிடைக்கும். நம் வீடுகளில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். ஒரு காட்சி முழுக்க அவர் வெறும் 'மாமா'வாகவே இருப்பார். அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் அதில் வருபவர்களின் பெயரைக் கீவேர்டாகப் போடுங்கள். ஊரில் மூன்று பழனிச்சாமி இருப்பார்கள். தோட்டப் பெயரைச் சேர்த்தே கீவேர்டு வையுங்கள். அந்தக் கீவேர்டைத் தேடி, தேடலைக் கலெக்‌ஷனாகச் சேமித்துக்கொண்டால் அவர் வரும் காட்சிகள் மட்டும் வரிசையாக நிற்கும். ஒரே மூச்சில் படித்தால் பேச்சு எங்கே பிசகுகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். யார் பார்வையில் காட்சி நகர்கிறது என்பதற்கு லேபிள் நிறம் போதும்.

எழுதும்போது பாத்திரப் பக்கத்தை இழுத்து, வலப்பக்க இன்ஸ்பெக்டரில் அந்தக் காட்சியின் புக்மார்க்கில் போட்டுக்கொள்ளுங்கள். காட்சியை விட்டு நகராமலே பார்க்கலாம்.

பெயர் மாற்றுவதுதான் பெரிய வேலை. சென்னியப்பனை நாச்சிமுத்து ஆக்கினேன். 'சென்னியப்பன்' என்று புள்ளியோடு தேடி மாற்றியதில் சென்னியப்பனை, சென்னியப்பனுக்கு, சென்னியப்பனோடு எல்லாம் அப்படியே தங்கிவிட்டன. 'சென்னியப்ப' என்று மட்டும் தேடுங்கள், எல்லா உருபும் அகப்படும். மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. புதுப் பெயரும் 'அப்பன்' என்றே முடிந்திருந்தால் உருபுகளைத் தொட வேண்டியிருக்காது, அரை மணி நேரத்தில் முடித்திருப்பேன்.